ஒன்பது கிலோமீட்டர் வாய்க்காலில் விட்டுப்போன ஒன்று

சென்ற ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் வர ஆறே நாள் இருக்கும்போது, ஒரு ஊரின் நாற்றங்காலையே நான் வீணாக்கப் பார்த்தேன். மடையை அடைக்கவில்லை, மண்வெட்டியைத் தொடவில்லை. தஞ்சாவூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே அதைச் செய்தேன். ஆண்டவர் என்னையும் அந்த ஊரையும் எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். வெட்கமான பகுதியையும் சேர்த்தே சொல்கிறேன். அதை விட்டால் சாட்சி பாதிதான்.

என் பெயர் ஹெலன். கணினி வேலை. வாய்க்கால் தூர்வாரும் பணிகளை நடத்தும் ஒரு திட்ட அலுவலகத்துக்கு டேட்டா வேர்ஹவுஸ், அதாவது தகவல் கிடங்கு, வடிவமைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. நெல் கிடங்கு உங்களுக்குத் தெரியும். வந்த மூட்டையை வந்தபடி போட்டால் அது கிடங்கு அல்ல, குப்பை. ஈரம் பார்த்து, ரகம் பிரித்து, எந்த ஊர் என்று சீட்டு வைத்து அடுக்க வேண்டும். என் வேலையும் அதுதான். எந்த வாய்க்காலில் எவ்வளவு தூரம் முடிந்தது, இயந்திரம் எங்கே நிற்கிறது என்று மேலாளர் ஒரே திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், ஒருவர் எக்செல்லில், இன்னொருவர் டீக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். மூன்று மாதம் எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மேலாளர் பாஸ்கரன் சார் என் மேசைக்கு வந்து, “தண்ணி வந்துரும் போலிருக்கு ஹெலன், உங்க கிடங்குதான் வராது போலிருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தினமும் காலையில் கணினியைத் திறக்கும் முன் ஒரு ஜெபம் செய்வேன். “ஆண்டவரே, என் கண்ணுக்குத் தப்பின பிழை இதற்குள் இருந்தால், யார் மூலமாவது எனக்குச் சொல்லிவிடும்.” உண்மையைச் சொல்கிறேன், பாதி நாள் அதைப் பழக்கத்தில்தான் சொன்னேன். மனசுக்குள் நான் கேட்டது வேறு. வேலை முடிந்த வாய்க்கால் என் திரையில் பச்சை, முடியாதது சிவப்பு; எல்லாம் பச்சையாகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பச்சையாகியும்விட்டது! ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசியாகச் சிவப்பில் நின்ற ஒரு வாய்க்காலும் பச்சைக்கு மாறியது. பாபநாசத்துக்குத் தெற்கே ஓடும் ஒன்பது கிலோமீட்டர் வாய்க்கால் அது. தண்ணீர் நுழையும் தலைமதகிலிருந்து ஓர் அணி, வாய்க்கால் முடியும் கடைமடையிலிருந்து ஓர் அணி, நாலாவது கிலோமீட்டரில் சந்திக்க வேண்டும் என்பது திட்டம். இரண்டு அணியும் ‘நாலாவது கிலோமீட்டர் வந்தாச்சு’ என்று அனுப்பியிருந்தார்கள். நான் அலுவலகம் முழுக்க அசோகா அல்வா கொடுத்தேன். பாஸ்கரன் சார் வேலை முடிந்ததாக மேலே எழுதி அனுப்பினார். பொக்லைனை லாரியில் ஏற்றிப் பட்டுக்கோட்டைப் பக்கம் அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை, ஜெபம் முடித்து ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

“மேடம், லஸ்கர் மாரிமுத்து பேசறேங்க.” அந்த வாய்க்காலின் காவல் பணியாளர் அவர். “நடுவால தூர் அப்படியே கெடக்குங்க. எங்க ஊருக்குத் தண்ணி ஏறாது.”

எனக்கு வந்ததே கோபம்! “ரெண்டு பக்கமும் வந்து சேர்ந்தாச்சு. எங்கிட்ட தகவல் இருக்கு. போட்டோவே இருக்கு. காலங்காத்தால ஏன் உயிர வாங்கறீங்க?”

“போட்டோ இருக்கலாங்க. வாய்க்கா இங்கதான இருக்கு? ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. போர் தண்ணி வாங்கி நாத்து விட்டிருக்கேன் மேடம். ஆத்துத் தண்ணி வரலன்னா முத்திப் போயிடும்.”

போனை வைத்துவிட்டேன். ஆனால் வேலை ஓடவில்லை. யார் மூலமாவது சொல்லிவிடும் என்று இப்போதுதானே கேட்டேன்? அந்த யாரோ லஸ்கராக இருந்தால் கத்துவேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தேனா? பையை எடுத்துக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினேன்.

மாரிமுத்து தம் வண்டியில் கரையோரமாக அழைத்துப்போனார். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குக் கூசியது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். ஒரு முழுக் கிலோமீட்டருக்கு வாய்க்கால் என்று ஒன்றே இல்லை. ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் கரைக்குக் கரை அடைத்துக் கிடந்தன.

கடைமடை அணியின் மேற்பார்வையாளருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: “நாலு கிலோமீட்டர்னா நாலுதாங்க மேடம். எங்க ஊர்லேர்ந்து நாலு. நாங்க எப்பவும் கடைமடையிலேர்ந்துதான எண்ணுவோம்.”

மேலிருந்து நாலு, கீழிருந்து நாலு. எட்டுதான் ஆகிறது. நான் கட்டிய கிடங்கு இரண்டு நாலையும் தலைமதகிலிருந்தே எண்ணி, ஒரே இடம் என்று எடுத்துக்கொண்டது. கடைமடைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்துதான் எண்ணுவார்கள் என்பது இந்த டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கிருந்து அளந்தீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை.

அந்தக் கரையிலேயே முழங்காலிட்டேன். “ஆண்டவரே, நான் கேட்டதைத்தான் கொடுத்தீர். நான்தான் அதன்மேல் கத்தினேன். என் பெயர் போகட்டும், இந்த ஊர் நாற்று போக வேண்டாம்.” எழுந்து பாஸ்கரன் சாரைக் கூப்பிட்டேன்.

“முடிஞ்சதுன்னு எழுதி அனுப்பிட்டேனே ஹெலன்!”

“தப்பு என்னோடது சார். நானே எழுதித் தர்றேன். பொக்லைன் மட்டும் திரும்பி வரணும்.”

அவர் உடனே போனை வைத்தார். பிறகு லாரி டிரைவரைப் பிடித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அவர் குரலே மாறியிருந்தது. டிரைவர் பட்டுக்கோட்டைக்குப் போகவே இல்லையாம்! அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து என்று பக்கத்து ஊரில் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னேன். மாரிமுத்துவும் சேர்ந்து தட்டினார்.

அன்று மாலையே பொக்லைன் வாய்க்காலில் இறங்கிவிட்டது. நான் அலுவலகம் திரும்பி, பணிந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு பதிவிலும் எந்த முனையிலிருந்து அளந்தது என்று கேட்கும் கட்டத்தைச் சேர்த்தேன். அதை நிரப்பாமல் எதுவும் உள்ளே நுழையாது. பழைய பதிவுகளைக் கேட்டுத் திருத்தியபோது இன்னும் இரண்டு வாய்க்கால்கள் பச்சையிலிருந்து சிவப்புக்கு விழுந்தன. முன்பென்றால் அழுதிருப்பேன். அன்று சந்தோஷப்பட்டேன். அவற்றையும் நேரத்துக்கு முடித்தார்கள்.

தலைமதகு திறந்த மறுநாள் மாரிமுத்து கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல், விசில். “தண்ணி எத்தனாவது கிலோமீட்டர்ல வருது மாரிமுத்து?” என்றேன்.

“எங்கேர்ந்து எண்ணிச் சொல்லணும் மேடம்?” என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: “எண்ண வேணாம் மேடம். என் வயல்ல நிக்குது.”

இன்று அந்தத் திரை நன்றாக ஓடுகிறது, பாராட்டும் கிடைத்தது. ஆண்டவருக்கே மகிமை. ஆனால் மாறியது நான்தான். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காது கொடுக்கிறேன். இந்த வாயை அறிந்தவர்களுக்கு அதுவே அற்புதம் என்று தெரியும்.

நம்பிக் கேளுங்கள் பிரியமானவர்களே. என்னைப்போல் பாதி மனதோடு கேட்டவளுக்கே பதில் கொடுத்தவர் அவர். பதில் வரும்போது, இவர் யார் எனக்குச் சொல்ல என்று மட்டும் கேட்காதீர்கள். போனை எடுத்து, “சொல்லுங்க” என்று சொல்லுங்கள்.