இடைவேளை இல்லாத படம்

மகள் காலேஜுக்குப் போனபின் வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் பேசிக்கொள்ள மிஞ்சியது குப்பை வண்டி வரும் கிழமை ஒன்றுதான். அது செவ்வாய்க்கிழமை என்று இருவருக்குமே தெரியும்.

மதுரையில் படித்தபோது ஃபிலிம் சொசைட்டி படங்களுக்கு ஓடியவள் நான். படம் முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று சண்டை போடுவோம். படத்தைவிட அந்தச் சண்டைதான் எனக்குப் பிடிக்கும். இவருடைய வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தபின் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை.

அதனால் பக்கத்து ஊர்த் தியேட்டரில் ஓர் ஐரோப்பியப் படம் வந்தபோது, கூட வரும்படி அவரைக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"என்ன மாதிரி படம்?"

"பாலிடிக்ஸ்ங்க."

"ஃபைட் இருக்குமா?"

"வாக்குவாதம் இருக்கும்."

"சரி, டிக்கெட் புக் பண்ணு."

சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சி. எங்களைத் தவிர ஏழெட்டு நரைத்த தலைகள். மூடப்போகும் ஓர் ஆலையைப் பற்றிய படம். முக்கால் மணி நேரம் காமிரா ஆலை வாசலைவிட்டு நகரவில்லை. தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று எங்களையே பார்த்தார்கள். அவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, ஃபோனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், நிஜமாகவே முயன்றார்.

திடீரென்று திரை இருண்டது. சத்தமும் நின்றது.

"இன்டர்வெல் விட்டாச்சு. காபி வாங்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் போய்விட்டார். தமிழ்ப் படத்தைத் தவிர வேறெதையும் அவர் தியேட்டரில் பார்த்ததில்லை.

இருட்டிலேயே குரல்கள் கேட்கத் தொடங்கின. கீழே சப்டைட்டில் மட்டும் ஓடியது. ஆலையை விட்டுப் போவதா, உள்ளேயே உட்கார்ந்து போராடுவதா என்று விவாதம். ஒரு பெண் சொன்னாள்: "இந்த ஊருக்கு வரும்போது என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது போகலாமா என்று கேட்கிறீர்கள்."

பக்கத்தில் திரும்பினேன். நாற்காலியில் அவருடைய ஜாக்கெட் இருந்தது. மீதிப் படத்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

வெளியே வந்தால், லாபி பெஞ்சில் இரண்டு காபிக் கோப்பைகளோடு அவர்.

"ஏங்க, உள்ள வரவே இல்லையே?"

"பெல் அடிப்பாங்கன்னு வெயிட் பண்ணிட்டிருந்தேன்."

அவர் வளர்ந்த பொள்ளாச்சியில் இடைவேளை முடிந்தால் பெல் அடிப்பார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கோபப்படவும் விடாத மனிதர் அவர், அதுதான் என் கஷ்டமே.

காரில் ஏறியதும் கேட்டார்: "அப்புறம் கதை என்னாச்சு?"

உண்மையான ஆவலோடுதான் கேட்டார். அந்தப் பெண் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், "உனக்கும் அப்படித்தானா?" என்று அடுத்துக் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ரொம்ப வருஷமாகவே இருக்கிறது.

"ஃபேக்டரிய மூடிட்டாங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."