அம்மாசியின் ஆள்காட்டி விரல்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் மசாஜ் கடை வைத்திருக்கும் அம்மாசிக்குப் பத்து வயதிலேயே பார்வை போய்விட்டது. பினாங்கில் பிரெயில் படித்தவர். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தால், மலாய் துப்பறியும் நாவலை விரலால் தடவித் தடவி மனைவி யோகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டுவார். அவளுக்குக் கண் தெரியும், பிரெயில் தெரியாது.

கதையில் கொலைகாரன் மாட்டப்போகிற கட்டத்தில், தண்ணீர் கொதிக்கிற கேத்தலைத் தொட்டு அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல்நுனி வெந்துபோனது. கொப்புளம் ஆறியதும் தாளைத் தடவினார். வழவழவென்று இருந்தது. மற்ற விரலாலோ இடக்கையாலோ வாசித்து அவருக்குப் பழக்கமே இல்லை.

"எழுத்தே இல்ல, யோகா," என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கிளினிக் டாக்டர் சாஃபியா விரலை அழுத்திப் பார்த்தார். "காயம் ரொம்ப ஆழமில்லண்ணே. தொடுறத உணர்ற செல்லுங்க தோல்லயே இருக்கு. அதுங்க பழசாகிப் போனா, பக்கத்துல இருக்கிற தாய்ச் செல்லுங்க புதுசு உண்டாக்கும். எலித் தோல்ல இதப் பாத்திருக்காங்க. உங்களுக்கும் திரும்பி வரும்னு நெனைக்கிறேன். எத்தன நாள்னு மட்டும் கேக்காதீங்க லா."

"அப்ப உள்ளுக்குள்ள வேலை நடக்குதா டாக்டர்?"

"லீவே போடாம நடக்குது."

அந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது. கடையில் முழங்கையால் அழுத்திச் சமாளித்தார். லாரி ஓட்டும் ரவிச்சந்திரன், "இதுதாண்ணே இன்னும் நல்லாருக்கு," என்று முனகினான். யோகேஸ்வரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்த டாக்சிக்காரன்தானே கொன்னான்? இல்ல, தங்கச்சியா?"

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன?"

ஏழாவது வாரம் ஒரு காலையில் தாளின்மேல் மணல் சிந்தியதுபோல் ஏதோ தட்டுப்பட்டது. நாலைந்து நாளில் அது தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்தது. "யோகா!" என்று அவர் போட்ட சத்தத்தில், மாவுக் கையோடு ஓடிவந்தாள். அன்று மத்தியானம்வரை கடை திறக்கவில்லை. கொன்றது பலகாரக்கார விதவை.

"நான் அப்பவே சொன்னேன்!"

"நீ யாரத்தான் சொல்லல?"

மறுநாளே அவள் பாடம் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். "இனிமே உங்க ஒரு விரல மட்டும் நம்பிக்கிட்டு இருக்க முடியாதுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவினாள். மலாயில் மீன் என்று பொருள்படும் 'ஈக்கான்' அவள் விரலில் 'ஏக்கான்' ஆனது; பிரெயிலில் அந்த இரண்டு முதலெழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று இடவலம் மாறியவை. அம்மாசி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அவர் தொடையில் ஓர் அடி வைத்துவிட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.