வெறும் வயிற்றோடு வந்தவர்கள்

மகளுக்கு அப்போது ஏழு வயது. வலது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மருந்து ஏற்றி ஏற்றிக் கட்டியைச் சுருங்க வைத்த பிறகு, சனிக்கிழமை காலை ஆபரேசன் என்று முடிவானது. கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒன்று போதும், நன்றாக வாழலாம் என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆறு பேர் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபரேசன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கட்டி மறுபடியும் வளர ஆரம்பித்துவிடும்.

மனைவியை மகளோடு விட்டுவிட்டு ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறினேன். தேனி தாண்டும்வரை, யாரிடம் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒருவரிடம் போய் நின்று ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை. திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டும் வேலை. பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நிற்பவனுக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அது எனக்குத் தோதாக இருந்தது.

ஊரில் இறங்கி, மனைவியின் அண்ணன் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். இன்னும் இரண்டு வீடுகளிலும் அப்படியே. கடைசியில் பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாயங்காலப் பூசையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ மாப்ள, சாமியார்கிட்டச் சொல்லத் தெரியுது, எங்கிட்டச் சொல்ல வாய் வரலையா? நான் என்ன செத்தா போனேன்?"

வெள்ளிக்கிழமை விடியும்போது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஆறு கேட்ட இடத்தில் ஒன்பது. வழியெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ரத்த வங்கியில் இருந்த பெண் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டது.

"நேத்து யாராவது குடிச்சீங்களா?"

"தவக்காலம்மா இது. சாம்பல் புதன்ல இருந்து ஒரு பய தொடல," என்றார் மச்சான் பெருமையாக.

"ரொம்ப நல்லதுண்ணே. காலைல சாப்பிட்டீங்கள்ல?"

"அதெப்படிச் சாப்பிடுவோம்? வெள்ளிக்கிழமை, ஒருசந்தி. அதுவும் புள்ள நல்லபடியா வெளிய வர்றவரைக்கும் ஒரு பருக்கை உள்ள போகாதுன்னு கோயில்ல நேந்துக்கிட்டுத்தான வண்டி ஏறுனோம்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தது. "வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்ணே. மயங்கி விழுந்துருவீங்க."

"வெறும் வயித்துல மூடை தூக்குறவன்மா நானு. சும்மா எடு," என்று கையை நீட்டினான் ஜீப் ஓட்டிவந்தவன். அந்தப் பெண் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் ஊசி என்று சொல்லிவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றோம். நேர்ந்ததை முறித்து, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே, மாடி ஜன்னல் ஒன்றுக்குப் பின்னால் என் மகள் படுத்திருந்தாள்.

"சாப்பிடுங்க மச்சான்," என்றேன். "பாவம்னா அது எனக்கு வரட்டும். எல்லாரும் சாப்பிடுங்க." நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்து அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, விசயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆக்கங்கெட்ட மனுசா," என்றது அந்தப் பக்கம். "ஒருசந்தி இருக்க நாங்க இல்லையா? தெருவுல பாதிப் பொம்பளைக அந்தப் புள்ளைக்காகக் காலையில இருந்து பட்டினிதான் கெடக்கோம். ஒங்கள ரத்தங் குடுக்கத்தான அனுப்புனோம்? போயித் தின்னுட்டுக் குடுங்க!"

"அப்பச் சரி," என்று ஜீப்காரன் முதல் ஆளாக எதிர்த்த ஓட்டலுக்குள் நுழைந்தான். "கறி தின்னா ரத்தம் நல்லா ஊறுமாம்லண்ணே?"

"ஏலே, முறிக்கச் சொன்னா கெடா வெட்டுவ போலருக்கு. இட்லியத் தின்னுட்டு எந்திரி."

அவன் தட்டுக்கு இட்லி வந்துகொண்டே இருந்தது. "தவக்காலத்து வெள்ளிக்கிழமையில இம்புட்டு இட்லி தின்னவன் நம்ம பங்குலயே நீ ஒருத்தன்தாண்டா," என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் படுக்கையில் விழுந்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இரண்டு பேரைப் பிரசர் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இருவரும் ஊர்போய்ச் சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்களாம். மற்ற ஏழு பேரும் கொடுத்தார்கள். சாயங்காலம் நர்ஸ் வந்து, காலையில் ஆபரேசன் உறுதி என்றார்.

சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்து டாக்டர் வந்தார். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது என்றார். மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஊருக்குப் போன் போட்டேன். மச்சான் சம்சாரம்தான் எடுத்தார்.

"அக்கா, சாப்பிடுங்க," என்றேன். அவர் போனை வைக்காமலேயே தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டதும், பிறகு அழுததும் கேட்டது.

இருட்டுவதற்கு முன்னால், மனைவி பார்த்துவிட்டு வந்தபிறகு என்னை உள்ளே விட்டார்கள். மகள் கண்ணைத் திறந்து, "அப்பா, தண்ணி," என்றாள். நாளைக்குத்தான் கொடுக்கலாம், இப்போது உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் ஈரப்பஞ்சைக் கொடுத்தார். வைத்தேன். சப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் தாயி."

"போப்பா," என்று தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்து மனைவியிடம், நம்ம பிள்ளைக்குப் பழையபடி கோபம் வந்துவிட்டது என்று சொன்னேன்.