நார் என்று ஒரு ஃபோல்டர்

“வெட்ட முடியாத வீடியோன்னு இந்த ஒலகத்துல ஒண்ணு கெடையாது. ஆறு மணி நேரத்த எங்கையில குடு, எட்டு நிமிசமாக்கித் தரேன். அதுல ஒரு நொடி நார் இருந்துச்சின்னா, அப்புறம் நான் மவுசத் தொட மாட்டேன்.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. வெளியிட்டவர் ஆதிநாராயணன். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் கடித்த பன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேதாச்சலம் ஒருவர்தான் வாயைத் திறந்தார். உன் கல்யாண வீடியோவை வெட்டுவியா என்று கேட்டார்.

“வெட்டியாச்சி. மூணு மணி நேரம் இருந்திச்சி, இப்ப நாலு நிமிசம்.”

வேதாச்சலம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாலு நிமிடத்தில் சம்சாரம் இருக்கிறார்களா என்று மரியாதையோடு விசாரித்தார்.

இருந்தாள். பத்மினி மூன்று தடவை வருகிறாள். வராதவர் பத்மினியின் சின்னம்மா. மேடையில் மைக்கைப் பிடித்து அந்த அம்மாள் பாடிய வாழ்த்துப் பாட்டு அடியோடு போய்விட்டது. படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. கலைக்காகச் சிலவற்றை இழக்கத்தான் வேண்டும் என்பது ஆதிநாராயணனின் கொள்கை. இழந்தது பெண்டாட்டி பக்கத்து உறவு என்பதால் கொள்கையில் பிடிப்பு கொஞ்சம் அதிகம்.

நார் என்று அவர் சொன்னது தொழில் சொல். ஃபேக்டரியில் அவர் சல்லடை மிஷினில் நிற்பவர். லாரி லாரியாகத் தோத்தாபுரி மாம்பழம் வந்து இறங்கும். கழுவி, வேகவைத்து, முதல் மிஷினில் தோலும் கொட்டையும் கழியும். அதையும் ஏமாற்றிவிட்டு வரும் நாரை அவருடைய சல்லடை பிடிக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி கூழை ஊற்றிப் பரப்பி, கடுகில் கால்வாசி கரும்புள்ளி இருந்தாலும் லைனை நிறுத்திவிடுவார். இருபத்திரண்டு சீசன். ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை. ஆடிக்குப் பிறகு மாங்காய் வராது. ஆனால் அந்தக் கண் மட்டும் வேலை இல்லாமல் சும்மா இருக்காது. காலண்டரில், பேரம் பேசும் கீரையில், பத்மினி போடும் கோலத்தில் எல்லாம் புள்ளி தேடும். வீட்டு நிம்மதியை உத்தேசித்து அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் வீடியோ எடிட்டிங் வந்து சேர்ந்தது.

திருப்பதி போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கிவந்தார். மொட்டை போடாமல் அவர் திருப்பதியிலிருந்து திரும்பியது அதுவே முதல் தடவை. பிறகு சாஃப்ட்வேர் தேடும் படலம். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவன்கூட ஒரு கட்டத்தில் சலித்துப்போய்ச் சரி என்று சொல்லிவிடுவான். ஆதிநாராயணன் நாற்பத்தோரு நாள் பார்த்தார். அதற்கென்று ஒரு நோட்டே போட்டிருந்தார்.

முதலில் வந்தது இலவசம்தான். ஆனால் படத்தின் நட்டநடுவில் தன் பெயரை எழுதிக்கொண்டது. கல்யாண வீடியோவில் அது சரியாக மாமனாரின் மீசைமேல் உட்கார்ந்தது. அடுத்தது பெரிய இடத்துச் சம்பந்தம். தான் ஓடுவதற்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று அது கேட்ட தொகையைப் பார்த்து லேப்டாப் மயங்கி விழுந்தது. செல்போனில் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ரம்மி விளம்பரம் பார்க்க வேண்டும். இன்னொன்று எந்தச் சிரமமும் வேண்டாம், நல்ல காட்சிகளை நானே பொறுக்கித் தருகிறேன் என்று தைரியம் சொன்னது. மூன்று மணி நேரத்தையும் தின்றுவிட்டு, அது பொறுக்கித் தந்ததில் மூன்று சீலிங் ஃபேன், ஒரு நாய். நாய் நன்றாகத்தான் வந்திருந்தது.

கடைசியில் கிடைத்தது முழு இலவசம், முகத்தில் பெயர் எழுதாதது, தெலுங்கில் பாடம் நடத்த யூட்யூபில் ஆள் உள்ளது. பட்டன்கள் மட்டும் விமானம் ஓட்டுகிறவனுக்குச் செய்தவை போல இருந்தன. அதில் வெட்டுவதற்கு ஒரே பட்டன் என்று தெரிந்த நிமிடமே தாம்பூலம் மாற்றியாயிற்று. வெட்டியதை அவர் அழிக்கவில்லை. ஃபேக்டரியிலும் கொட்டையை யாரும் வீசுவதில்லை, டிராக்டர் வரும்வரை பின்பக்கம் குவிந்து கிடக்கும். அந்த முறைப்படி ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்கு ‘நார்’ என்று பெயர் வைத்தார்.

ஆவணியில் பெரிய வேலை வந்தது. பிச்சாட்டூரில் பத்மினியின் தம்பி ஜெயச்சந்திரன் மகளுக்கு ஓணி ஃபங்ஷன், அதாவது பெண் முதன்முதலாகப் பாவாடை தாவணி கட்டும் விழா. ஜெயச்சந்திரன் குவைத்தில் டிரைவர். பொங்கலுக்குத்தான் லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். பெற்ற மகளின் விழாவை அவன் பார்க்கப்போவது வீடியோவில்தான். புத்தூரிலிருந்து வந்த கேமராமேன் ஆறு மணி நேரம் எடுத்துத் தள்ளினான். அதை அப்படியே டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு ஆதிநாராயணன் சித்தூர் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இருபது நாளில் எட்டு நிமிடப் படம் தயாரானது. உள்ளபடி சொன்னால், அது அபாரமான படம். மஞ்சள் தண்ணீர் பெண்ணின் தலையில் விழும் இடத்தில் நாதஸ்வரத்தைச் சட்டென்று நிறுத்தியிருந்தார். பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா யமுனா அழுதாள். எடிட்டிங் என்றாலே இதயவடிவில் படம் சுருங்குவது என்று நினைத்திருந்த பிச்சாட்டூருக்கு, ஒரு இதயமும் ஒரு ரோஜாவும் இல்லாமல் நெஞ்சை அடைக்க முடியும் என்று காட்டியவர் அவர்தான்.

மறுநாள் குவைத்திலிருந்து போன் வந்தது. சினிமா மாதிரி இருக்கிறது மாமா என்று ஜெயச்சந்திரன் நாலு தடவை சொன்னான்.

“மாமா, பந்தி எங்க?”

“பந்தியா? சோறு துன்றத எவன்டா பாப்பான்?”

“நான் பாப்பேன் மாமா. எங்கண்ணன் கை நனைச்சாரா இல்லியா, அது தெரியணும் எனுக்கு.”

நாலு வருடம் முந்திய சங்கதி அது. அந்தக் குடும்பத்துக்கு பத்மினியின் நைனா காலத்தில்தான் முதன்முதலாகச் சொந்தமென்று ஒன்றரை ஏக்கர் வந்தது. அதில் ஒரு போர்வெல். அண்ணன் சிரஞ்சீவியும் தம்பியும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். முறையில் ஒருநாள் தகராறு வந்து, போர் போட்டது நான் அனுப்பிய காசில் என்று தம்பி குவைத்திலிருந்து போனில் சொல்லிவிட்டான். அப்படியென்றால் உன் வீட்டுத் தண்ணீரில் இனி என் கை நனையாது என்றார் அண்ணன். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் இலைபோட்டுச் சாப்பிட்டுக் கை கழுவுவது. விசேஷத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டுப் போகலாம், அது ஊருக்காக. சாப்பிட்டால்தான் உறவு.

சிரஞ்சீவி விழாவுக்கு வந்ததைப் பலர் பார்த்தார்கள். சாப்பிட்டாரா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. யமுனா உள்ளே விருந்தாளிகளோடு இருந்தாள், ஆதிநாராயணன் மேடைப் பக்கமே நின்றார். பத்மினி வந்த பெண்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரையே கேட்கலாமே என்றால் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் துன்னியா என்று கேட்பதைவிடப் பெரிய அவமரியாதை அங்கே கிடையாது. பத்மினி மட்டும் தங்கை என்ற உரிமையில் சுற்றிவளைத்து, அன்னைக்கு சாம்பார்ல உப்பு அதிகமாமே அண்ணா என்று தூண்டில் போட்டுப் பார்த்தாள். அப்டியா என்று கேட்டுவிட்டு அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது என்று விழாப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஜெயச்சந்திரன் வருகிறான். அண்ணன் கை நனைத்திருந்தால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் முதலில் போகவேண்டிய வாசல் அண்ணனுடையது. நனைக்காமலிருந்தால், அங்கே போய் நின்று திரும்பி வருகிற அவமானம் இந்த ஜென்மத்துக்குப் போதும். இதெல்லாம் தெரியவேண்டிய இடத்தில்தான் ஆதிநாராயணனின் சல்லடை வேலை செய்திருந்தது. ஏழு பந்திகளையும் அவர் மொத்தமாகத் தூக்கி நாரில் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் தேய்க்காமல், ‘நார்’ ஃபோல்டரைத் திறந்தார். அந்த விழாவில் வெட்டியது மட்டும் ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். தாண்டித் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை வேர்க்கடலை உரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்த பத்மினி தடுத்தாள்.

“தாண்டாத. நீ தாண்டுற எடத்துல எங்கண்ணன் உக்காந்து துன்னுக்கினு இருந்தா?”

தாண்டவில்லை. தான் வெட்டியெறிந்த அத்தனையையும் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்ப்பது எத்தகைய தவம் என்பதைப் புராணங்கள்கூடச் சொல்லவில்லை. லைட்டோடு கேமரா பந்தியில் வரிசையாகப் போயிற்று. லைட் முகத்தில் பட்டதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னம் உப்பியபடி, ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தது போலப் பார்த்தார்கள். நூற்று எழுபது பேரை ஆதிநாராயணன் இப்படிச் சந்தித்தார். பத்மினியின் சின்னம்மா வந்தார், மைக்கைப் பிடித்தார், பாடினார். அதையும் முழுதாகக் கேட்டார். இரண்டாவது சரணத்தில் அந்த அம்மாளுக்குக் குரல் இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. வெளியில் சொல்லவில்லை.

ஏழு பந்தியிலும் சிரஞ்சீவி இல்லை. பத்மினி கடலைத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

கடைசியாக ஒரு ஃபைல் மிச்சமிருந்தது, பதினோரு நிமிடம் இருபது நொடி. கேமராமேன் தானும் சாப்பிடப் போகும்போது, கேமராவை ஸ்டாண்டில் விட்டு, நிறுத்த மறந்துவிட்டான். திரையில் முக்கால்வாசி நீல நிறத் தண்ணி டிரம், ஓரத்தில் ஒரு டேபிளின் முனை. இதைவிடச் சுத்தமான நாரை அவர் இருபத்திரண்டு சீசனில் பார்த்ததில்லை.

மூன்றாவது நிமிடத்தில் டேபிளின் முனையில் சிரஞ்சீவி வந்து நின்றார்.

உட்காரவில்லை. வாட்சைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். நாலு நிமிடம் அப்படியே நின்றார். அப்போது விழாப் பெண், புதுத் தாவணி தடுக்கத் தடுக்க, ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டு அதில் தண்ணீர் தெளித்தாள். ஏதோ சொன்னாள். ஸ்பீக்கர் பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. அவர் உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் ரசவாளியோடு பக்கத்திலேயே நின்றாள். எழுந்திருக்கும்போது அவர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். டிரம்மில் தண்ணீர் மொண்டு கை கழுவினார்.

“பத்மினி,” என்றார் ஆதிநாராயணன். அவள் வந்து பார்த்தாள். இலையை மடிக்கும் இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். தன் பக்கம் மடித்தால் இந்த வீட்டில் இன்னும் சாப்பிட வருவேன் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்.

அடுத்தது தொழில். நாற்பது நொடிக்குள் அடக்கிவிடலாம் என்று கை தன்னால் வெட்டும் பட்டனுக்குப் போயிற்று. நின்றுகொண்டிருந்த நாலு நிமிடத்தை எடுத்தார். எடுத்ததும் சிரஞ்சீவி ஏதோ பசியோடு ஓடிவந்து உட்கார்ந்தவர் போல் ஆகிவிட்டார். பத்மினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைத் திரும்ப வைத்தார். சாப்பிடுவதைச் சுருக்கினார். பெண் வாளியோடு நிற்பது காணாமல் போயிற்று. அதையும் திரும்ப வைத்தார்.

சரி, முதல் மூன்று நிமிடம் வெறும் டிரம். அதை எடுத்தால் தெய்வம்கூடக் கேட்காது. எடுக்கப் போனவர், கரும்புள்ளி தேடும் அந்தக் கண்ணால், ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். டிரம் வைத்த ஸ்டூலுக்குக் கீழே, அந்தப் பக்கத்தில், இரண்டு செருப்புக் கால். பந்திவரை வந்தன. நின்றன. திரும்பிப் போயின. ஒரு நிமிடம் கழித்து மறுபடி வந்தன.

சிரஞ்சீவியின் செருப்புதான் என்று பத்மினி சொன்னாள்.

மவுசிலிருந்து அவர் கையை எடுத்தார். கடைசியில் கேமராமேன் ஏப்பம் விட்டபடி திரும்பிவந்து லென்ஸை உள்ளங்கையால் மறைக்கும் இடம் உட்பட, பதினோரு நிமிடம் இருபது நொடியும் அப்படியே குவைத்துக்குப் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து ஜெயச்சந்திரன் குரலில் ஒரு வரி வந்தது.

“மாமா, எலைய உள்பக்கம் மடிச்சாரு.”

பொங்கலுக்கு முந்தின நாள் ஜெயச்சந்திரன் பிச்சாட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு, தன் வீட்டைத் தாண்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்பதற்கு வீடியோ இல்லை.

பொங்கலன்று மத்தியானம் எல்லோரும் சிரஞ்சீவி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சின்னம்மாவும் வந்திருந்தார். படம் இப்போது எட்டு நிமிடம் இல்லை. மஞ்சள் தண்ணீர், நாதஸ்வரம் நின்ற இடம், எல்லாம் முடிந்து நீல டிரம் வந்தது. சிரஞ்சீவி, மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லையே என்று சொல்லிக்கொண்டு எழுந்து வெளியே போனார். டிரம் நின்றது. செருப்புகள் வந்தன, போயின. சின்னம்மா நெளிந்தார். இது ஏதோ நின்னுக்கினே இருக்குதே, தள்ளி உடுங்க மாப்ளே என்றார்.

ரிமோட் ஆதிநாராயணன் கையில்தான் இருந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.