மூன்றாம் பாரா

எங்கள் மக்காச்சோள மண்டிக்குப் பங்குதாரர்கள் இரண்டு பேர், நானும் என் வீட்டுக்காரரும். நான் பேருக்குத்தான். பெரம்பலூரில் எத்தனையோ கடைகள் இப்படிப் பெண்டாட்டி பெயரைப் போட்டுக்கொண்டு நடக்கின்றன. கையெழுத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

மண்டி படுத்தபோது மீன்சுருட்டியில் இருக்கும் என் சின்னம்மா தன் கொல்லை நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தாள். மண்டியின் பெயரில் புரோநோட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மண்டி நிமிர்ந்தது, பணம் மட்டும் திரும்பவில்லை. மூட்டு ஆபரேஷனுக்கு அவளுக்கு அந்தப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, நோட்டு காலாவதி ஆவதற்குள் கேஸ் போட்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

பிராதின் மூன்றாம் பாராவில், நான் அவளுடைய அக்காள் மகள் என்றும், தாயை இழந்தபின் அவள் வீட்டில்தான் வளர்ந்தேன் என்றும் எழுதியிருந்தாள்.

எங்கள் வக்கீல் தயார் செய்த எதிருரையை என்னிடம் நீட்டினார். கையெழுத்து எங்களுடையதல்ல, கடனே வாங்கவில்லை என்று இருந்தது. அதோடு விடவில்லை. மூன்றாம் பாரா முழுவதும் மறுக்கப்படுகிறது, வாதி யாரென்றே எதிர்வாதிகளுக்குத் தெரியாது என்றும் இருந்தது. இதை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"பிராதுல சொன்னத பாரா பாராவா மறுக்கணும்மா. மறுக்காம விட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்றார்.

மழுப்பாமல், எது மெய் எது பொய் என்று பிரித்துச் சொல்லத்தானே சட்டம் அப்படி வைத்திருக்கிறது. இவர்களோ ஒரு மெய்யைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று அதைப் படித்துவைத்திருக்கிறார்கள். அத்தனையையும் புளுகிவிட்டுக் கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி வேறு. தூ.

பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். கோர்ட்டுக்காக எழுதுவதுதானே, தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனால் அத்தை சமாதானம் ஆகிவிடுவார்கள் என்றார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிற இந்த மனிதருக்கா இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டேன் என்று அருவருப்பாக இருந்தது.

"எங்கையெழுத்துதான் சார். எங்க சின்னம்மாதான். ஒத்துக்கிட்டதாவே ஆவட்டும்" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தார். அன்றிலிருந்து வீட்டில் என்னோடு பேச்சில்லை.

அடுத்த வாய்தாவுக்குச் சின்னம்மா பஸ் மாறிப் பெரம்பலூர் வந்து, கோர்ட் வராந்தா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிருரையை அவளுடைய வக்கீல் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் நேரே அவளிடம் போனார்.

"வாங்க அத்தை. முட்டி வலி தேவலாங்களா?"

சின்னம்மா அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள்.

"யாருங்க தம்பி நீங்க? அடையாளம் தெரியலயே."