ஐந்து கிரகம் உச்சமான வில்லி

மாப்பிள்ளையின் தாய்மாமா பரமசிவன் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த ஒரு தாளை எடுத்துப் பாயில் விரித்தார். காபித் தட்டோடு உள்ளே வந்த சுந்தரேஸ்வரிக்கு அதைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. தட்டு சாய்ந்து ஒரு தம்ளர் காபி அப்படியே தரையில் கொட்டியது. "பிள்ளைக்குக் கூச்சம்" என்று மாப்பிள்ளையின் அம்மா செல்வலட்சுமி சிரித்தாள். கூச்சமாவது மண்ணாவது! 

பாயில் கிடந்தது ஒரு ஜாதகக் கட்டம். ஆனால் அது அவளுடைய ஜாதகம் இல்லை. யாருடைய ஜாதகமும் இல்லை. ஏழு கோட்டைகளைக் கொளுத்தி, கடைசியில் சொந்தத் தம்பியையே சிறையில் போடப்போகிற ஒரு வில்லிக்காக அவளே உட்கார்ந்து போட்ட கட்டம். அந்த வில்லி இன்னும் பிறக்கவில்லை, பிறக்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோவில்பட்டியில் நடக்கும் ஒரு விளையாட்டுக்குள் மட்டும் இருக்கிறவள்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுந்தரேஸ்வரி கழுகுமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் கோவில்பட்டிக்குப் போய், ஒரு அச்சகத்தில் தீப்பெட்டி லேபிளும் கடலைமிட்டாய் கவரும் டிசைன் செய்கிறவள். முப்பத்தொரு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு மணி நேரம் கதை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு மந்திரவாதியாகவும் போர்வீரனாகவும் திருடியாகவும் மாறிப் பேசினார்கள். இக்கட்டு வந்தால் பகடை உருட்டினார்கள். பகடையில் விழுந்ததுதான் விதி. கதை கேட்டால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ரகம் அவள். விடுவாளா?

பகடைகளைத் தபாலில் வரவழைத்தாள். அச்சகத்தில் காகிதக் கட்டு அடுக்கும் அறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினாள். மருந்துக்கடை மணிராஜையும், பிளவுஸ் தைக்கும் பாண்டிச்செல்வியையும் பிடித்து உட்கார வைத்தாள். முதல் மாதம் ஒன்றும் உருப்படவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, தாங்கள் ஆடும் பாத்திரத்துக்குப் பலம் பதினான்கு, சாமர்த்தியம் பதினொன்று என்று எழுதச் சொன்னால், எழுதிவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"ஏக்கா, இந்த நம்பர வச்சு இவன் ஆருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மணிராஜ். "நம்மூர்ல ஒரு ஆளப் பத்தித் தெரியணும்னா என்னத்தப் பாப்போம்? கட்டத்தத்தான பாப்போம்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சுந்தரேஸ்வரி பிடித்துக்கொண்டாள். அந்தப் பகடைக் கூட்டத்தில் பன்னிரண்டு பக்கம் உள்ள ஒன்று எதற்கும் உதவாமல் சும்மா கிடந்தது. ராசிக் கட்டமும் பன்னிரண்டுதானே. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தடவை உருட்டினால், அது எந்தக் கட்டத்தில் போய் உட்கார்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் இடம் தைரியம், ஆறாம் இடம் எதிரி, எட்டாம் இடம் உயிர். சண்டையில் எத்தனை அடி தாங்குவான் என்கிற கணக்கை எட்டாம் கட்டத்தில் எழுதினாள். தாளை மஞ்சள் கரை போட்டு, மேலே பிள்ளையார் சுழியோடு அசல் ஜாதகம் மாதிரியே டிசைன் செய்து அச்சடித்தாள்.

பிறகு பார்க்க வேண்டுமே! பாண்டிச்செல்வி ஆடிய திருடிப் பாத்திரத்துக்கு நாலாம் இடத்தில் சனி வந்து விழுந்தது. நாலாம் இடம் தாயார். பாண்டிச்செல்வி ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். "இவளுக்கு அம்ம கெடையாது. ஏழு வயசுலயே வீட்டுச் சாவி இவ இடுப்புக்கு வந்திட்டு. ஒரு நாளு சாவியத் தொலைச்சிட்டு, அப்பனுக்குப் பயந்து கொண்டை ஊசியால பூட்டத் தொறந்தா. அதான் இவளோட முதத் திருட்டு. சொந்த வீட்டுல" என்றாள். மணிராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று முதல் அந்த அறையில் நடந்தது வேறு மாதிரியான விளையாட்டு.

வில்லிக்கு மட்டும் சுந்தரேஸ்வரி பகடை உருட்டவில்லை. உச்சம் உச்சமாகத் தேர்ந்தெடுத்து வைத்தாள். சூரியன் உச்சம், சந்திரன் உச்சம், குரு உச்சம், சனி உச்சம், புதன் உச்சம். எட்டாம் கட்டத்தில் நூற்றி நாற்பது. இவ்வளவும் இருந்தும் ஒருத்தி ஏன் கெட்டுப்போனாள் என்பதுதான் கதை. வில்லியிடம் தன்னுடையது ஏதாவது ஒன்று இருந்தால்தான் அவளுக்கு உயிர் வரும் என்பது சுந்தரேஸ்வரியின் கட்சி. அதனால் தன்னுடைய ரோகிணி நட்சத்திரத்தை அவளுக்குக் கொடுத்தாள். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, தாளை வீட்டு மேசையில் புத்தகத்துக்கு அடியில் வைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. அவளுடைய அசல் ஜாதக நோட்டைக் கரையான் அரித்துப் பாதி போயிருந்தது. "ஊருக்கெல்லாம் அச்சடிக்க, ஒன் ஜாதகத்த ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்தா என்னட்டி?" என்று அம்மா வெயிலம்மாள் ஒரு வருஷமாகக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது மஞ்சள் கரையும் பிள்ளையார் சுழியுமாக ஒரு கட்டம் கிடைத்தது. ரோகிணி என்று போட்டிருந்தது. மகள் ஒருவழியாக அச்சடித்துவிட்டாள் என்று பூரித்துப்போய், போனில் படம் எடுத்துத் தரகருக்கு அனுப்பிவிட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரகர் அந்தப் படத்தைத் தாளில் எடுத்து, கயத்தாறு மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்.

அசல் ஜாதகத்தில் சுந்தரேஸ்வரிக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். ஏழு வருஷத்தில் பதினோரு வீட்டார் வந்து, காபியைக் குடித்துவிட்டு, 'சொல்லி அனுப்புதோம்' என்று எழுந்து போயிருந்தார்கள். இந்தக் கயத்தாறு வீட்டார் மட்டும் நேராகப் பூவோடு வந்து இறங்கியபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கே! அவளுக்கு மாப்பிள்ளை சோலைராஜைப் பிடித்துப்போய்விட்டது. அவன் காற்றாலையில் மெக்கானிக். வந்து உட்கார்ந்ததும் "தீப்பெட்டி லேபிள்ல அந்தச் சிவப்பு எப்படி அம்புட்டுக் கெட்டியா வருது?" என்று கேட்டான். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்ட முதல் மாப்பிள்ளை அவன்தான். சிவப்பை இரண்டு தடவை ஓட்டுவோம் என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு காபி எடுக்க உள்ளே போனவள், திரும்பி வந்தபோது கண்டதுதான் அந்தத் தாள்.

"பிச்சையா அண்ணாச்சி, முப்பது வருசமா கட்டம் பாக்குதேன்" என்றார் பரமசிவன். "அஞ்சு கெரகம் உச்சம்! இப்பிடி ஒரு ஜாதகத்த இன்னைக்கு வரைக்கும் கையால தொட்டதில்ல. ஒத்த ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல. ஆமா, எட்டாங் கட்டத்துல நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

அப்பா பிச்சையா தாளை எட்டிப் பார்த்தார். வெயிலம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க வழியில எல்லாருக்கும் ஆயுசு கெட்டி, அண்ணாச்சி."

 சண்டையில் வில்லி தாங்கும் அடியின் கணக்கு அது.

"அப்பொறம் என்ன, பூவ வச்சிட்டே போயிருவோம்" என்று செல்வலட்சுமி மல்லிகைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான். தலையைக் குனிந்தால் பூ ஏறிவிடும். சோலைராஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசையாகத்தான் பார்த்தான், அது அவளுக்குத் தெரிந்தது. ஜாதகத்தை நம்புகிறவளா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் அவன் அன்றாடம் ஏறுவது எண்பது மீட்டர் உயரக் கம்பம். ஒரு நாள் கால் இடறினால்? எட்டாம் இடத்துச் செவ்வாயை மறைத்துக்கொண்டு கழுத்தை நீட்டியவள் என்று ஊர் சொல்வது இருக்கட்டும், அவளாலேயே அவள் முகத்தில் விழிக்க முடியுமா? செல்வலட்சுமியின் கை அவள் தலைக்கு வந்தபோது விலகிக்கொண்டாள்.

"அத்தே, இது என் ஜாதகம் இல்ல."

 விளையாட்டு, பகடை, வில்லி என்று எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். வெயிலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரமசிவன் தாளை வெடுக்கென்று எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். 

"சூரியன் மேஷத்துல இருக்கு. புதன் கன்னியில இருக்கு. சூரியன விட்டு ஒரு ராசிக்கு மேல புதன் நவராதே! ஒலகம் உண்டான நாள்லருந்து இப்பிடி ஒரு வானமே இருந்ததில்லயே! இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?" அவர் அவமானத்தோடு தாளை மடித்துப் பைக்குள் திணித்தார். 

செல்வலட்சுமிதான் கேட்டாள். அந்தக் கேள்வியைச் சாகிறவரைக்கும் சுந்தரேஸ்வரி மறக்கமாட்டாள்.

"சரி, ஆரு ஜாதகமாவும் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஆயிட்டா?"

"அது பிள்ளையே இல்ல, அத்தே. கதையில வாறவ. ஏழு கோட்டையக் கொளுத்துனவ."

"கோவக்காரியா? அதெல்லாம் ஒரு பிள்ளை பெத்தாச் சரியாப் போயிரும். எந்த ஊருன்னு சொல்லு."

 ஒரு மணி நேரமாகச் சுந்தரேஸ்வரி ரத்தமும் சதையுமாக எதிரே நிற்கிறாள். பேசியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், காபி கொடுத்திருக்கிறாள். இவர்கள் பெண் பார்த்ததெல்லாம் அந்தத் தாளைத்தானா? அவள் போட்ட கோடுகளுக்கு மாலை போட வந்தவர்களின் கண்ணில் அவள் படவே இல்லையா?

பரமசிவன் தொண்டையைக் கனைத்து, அசல் ஜாதகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கரையான் அரித்த நோட்டைப் பிச்சையா கொண்டுவந்து நீட்டினார். பரமசிவன் விரலால் கட்டங்களை எண்ணிக்கொண்டே போய் எட்டாவதில் நிறுத்தினார். நோட்டை மூடினார். "சொல்லி அனுப்புதோம்" என்றார். பன்னிரண்டாவது தடவை. செல்வலட்சுமி பூவைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள். சோலைராஜ் வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், மாமா கூப்பிட்டதும் போய்விட்டான். கார் தெருவைத் தாண்டும்வரை சுந்தரேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். பிறகு தரையில் கொட்டிய காபியைத் துடைக்க உட்கார்ந்தாள்.

பிச்சையா பக்கத்தில் வந்து குத்தவைத்தார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். 

"தாயி, ஒன் ஜாதகமும் அப்பிடித்தான்" என்றார்.

"எப்பிடி?"

"நீ பொறந்தப்போ நம்ம வீட்டுல கடியாரம் கெடையாது. மருத்துவச்சி ஒன்னய வெளிய கொண்டாந்து எங்கிட்டக் காட்டயில, சங்கரன்கோவில் பஸ் ஆரன் அடிச்சிது. அது சாயங்காலம் ஆறு பத்துக்கு வாற பஸ்ஸு. சோசியர்ட்ட ஆறு பத்துன்னு சொன்னேன். அவரும் கணிச்சி எழுதி, மஞ்சத் தடவிக் குடுத்திட்டாரு. நாலு நாள் கழிச்சித்தான் சொன்னாவ, அன்னைக்கு பஸ்ஸு வழியில நின்னுபோயி ரொம்ப லேட்டாம்."

சுந்தரேஸ்வரிக்குக் கையிலிருந்த துணி நழுவியது. பஸ் பிந்தியது என்றால் அவள் பிறந்ததும் பிந்தித்தான். நாலு மணி நேரம் பிந்தியிருந்தால் லக்னம் இரண்டு கட்டம் தள்ளும். தள்ளினால் செவ்வாய் எட்டில் இருக்காது, ஆறாம் இடத்துக்குப் போய்விடும், தோஷமே இல்லை. இதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் கட்டம் போடுகிறவளுக்கு மனக்கணக்கிலேயே வரும்.

"ஏம்ப்பா மாத்தல?"

"எழுதுனத அழிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. அப்பொறம் வாறவியகிட்ட எல்லாம் என்னன்னு சொல்லுவேன்? பொய்ச் சாதகம்னு பேராயிருமேன்னு..."

"பன்னெண்டு வீடு!" என்று அவள் கத்தினாள். அவள் அப்பாவைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அடுக்களையிலிருந்து வெயிலம்மாள் ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். "ஏழு வருசம்ப்பா! இப்பப் போனாரே, அவரு... அவரு கம்பத்துலருந்து விழுந்திருவாருன்னுல்லா நான் வாயத் தொறந்தேன்! பத்து நிமிசம் முன்னாடி இதச் சொல்லப்பிடாதா?"

பிச்சையா நழுவிய துணியை எடுத்துக் காபியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எம்புட்டு லேட்டு? அதையாவது சொல்லுங்க. ஒரு மணி நேரமா, நாலு மணி நேரமா? நான் எப்பத்தான் பொறந்தேன்?"

"எனக்கு எங்க தெரியும் தாயி?" என்றார் பிச்சையா. "இருட்டிட்டா வெளிச்சமா இருந்துச்சான்னுகூட நெனவில்ல. நான் ஒன்னயல்லா பாத்துக்கிட்டு நின்னேன்."