சக்கரத்துக்கு அடியில் சிக்கிய டியூப்

அஸ்ஸலாமு அலைக்கும். இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா மறைச்சு மறைச்சே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

முத்தியால்பேட்டையில எங்க தையல் கடைக்கு போர்டு மாட்ட என் தம்பி ரபீக் ஏணியில ஏறினான். கீழே பிடிச்சுக்கிட்டிருந்தது நான். போன் அடிச்சுது. கையை எடுத்தேன். அவன் விழுந்துட்டான். தண்டுவடத்துல அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியே இல்லாம போச்சு. ஏணி வழுக்கிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன்கிட்டயும்.

அன்னையிலேர்ந்து அவனைப் பார்த்துக்கறது நான்தான். படுக்கைப்புண் வராம புரட்டி விடுவேன், டியூப் வழியா சிறுநீர் இறங்குற பையைக் காலி பண்ணுவேன். "இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்"னு ஜனங்க சொல்றப்பல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சேன்னு அவசரமா அவனை வீல்சேர்ல உட்கார வச்சு, ஜன்னலோரம் தள்ளிட்டு ஓடினேன். திரும்பி வந்தா அவன் முகம் செவசெவன்னு இருக்கு, நெத்தியெல்லாம் வேர்வை.

"அண்ணே, தலை வெடிக்குதுண்ணே."

வீட்டு மெஷின்ல பார்த்தா பிரஷர் ஏறிக்கிட்டே போச்சு. ஆட்டோவுக்குச் சொன்னேன், வரல. இந்த மாதிரி ஆனா எதைப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லிக்கொடுத்தது ஒண்ணுகூட ஞாபகத்துக்கு வரல. அவன் பக்கத்துலயே நெத்தியைத் தரையில வச்சு ஸஜ்தாவுல விழுந்துட்டேன். "யா அல்லாஹ், தப்பு பண்ணவன் நான். அவனை வதைக்காதே. என்ன செய்யணும்னு காட்டு."

தலையைத் தூக்கினேன். கண்ணுக்கு நேரே வீல்சேரோட முன்சக்கரம். அதுக்கு அடியில சிறுநீர் டியூப் நசுங்கிக் கிடக்கு. அங்க கொண்டுபோய் நிறுத்தினவனும் நான்தான்!

சேரை நகர்த்தினேன். அடைபட்டிருந்த சிறுநீர் பையில இறங்குச்சு. கொஞ்ச நேரத்துல தலைவலியும் இறங்கிச்சு. தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்குச் சிறுநீர் அடைச்சாலே பிரஷர் எகிறும், இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்துன்னாரு டாக்டர் போன்ல.

அன்னைக்கு சாயங்காலமே அவன்கிட்ட சொல்லிட்டேன். "ஏணியை விட்டது நான்டா ரபீக்."

"தெரியும்ண்ணே. மேலேர்ந்து பார்த்தேனே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் அழுதோம்.

அவன் நடக்கல. இப்ப கடைக்கு வர்றான், உட்கார்ந்து பட்டன் தைக்கிறான். அவன் மன்னிச்சுட்டான், எனக்குத்தான் இன்னும் மனசு ஆறல. ஆனா யாராவது என்னைப் புகழ்ந்தா, உள்ளதைச் சொல்லிடறேன்.

மறைச்சு வச்ச பாவத்தோட அல்லாஹ்கிட்ட துஆ கேட்கக் கூச்சப்படறவங்க யாராவது இருந்தா, கூசாம கேளுங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். அல்லாஹ் என்னைத் தள்ளல. அல்ஹம்துலில்லாஹ்.